கல்பேனியில் கடலுக்குள் தலையை விட்ட கதை

லட்சத்தீவுக்குக் கப்பல்ல போயிட்டு வந்தோம்னு சொன்னதும் நம்ம ஆட்கள் மூணு கேள்வி கேக்கறாங்க. கப்பல்ல வாந்தி வந்துச்சா? அங்க போக பெர்மிட் வேணுமாமே? நீச்சல் தெரியாதவங்க அங்க போய் என்னதான் பண்றது?

முதல் கேள்விக்கு பதில்: வந்துச்சு. எனக்கு இல்லை, தங்கமணிக்கு. ரெண்டாவது: ஆமா, வேணும். நாங்க போனப்போ அடையாள அட்டையும் போட்டோவும் வாங்கிக்கிட்டு டூர் நடத்தினவங்களே ஏற்பாடு பண்ணிட்டாங்க. மூணாவது கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

முதல்ல இந்த டூர் எப்படி அமைஞ்சதுன்னு சொல்லிடறேன். பேங்க் ஆபீசர்களுக்கு எல்.எஃப்.சி.ன்னு ஒண்ணு உண்டு. குடும்பத்தோட ஊர் சுத்தப் போற செலவை பேங்க் கொடுக்கும். போக வேண்டாம்னா காசாக்கிக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஆபீசர்கள்ல பாதிப் பேர் காசாக்கி வீட்டுக்கு டைல்ஸ் போட்டவங்கதான். எங்க வீட்லயும் பாத்ரூம் டைல்ஸ் பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. பொண்ணு விடலை. அப்போ அவ ஆறாங்கிளாஸ். சரஸ்வதிபுரத்து யூனிவர்சிட்டி நீச்சல் குளத்துல ஒரு வருஷமா நீந்தறா. "மீன் பாக்கணும்பா, தட்டுல இல்ல, தண்ணியில" அப்படின்னுட்டா.

இன்னொரு காரணம் மாமா. தங்கமணியோட அப்பா. தூத்துக்குடிக்காரர், துறைமுகத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அத்தை தவறின பிறகு தனியா விட மனசில்லாம மைசூருக்குக் கூட்டிட்டு வந்து அப்போ ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 74 வயசு. கன்னடம் தெரியாது, அக்கம்பக்கத்துல பேச ஆள் கிடையாது, காலையும் சாயங்காலமும் குக்கரஹள்ளி ஏரிக்கரையில நடப்பார். மைசூர்க்காரங்களுக்கு அந்த ஏரின்னா உசிரு. மாமாவுக்கு அது ஒரு குறைதான். "தண்ணி கிடக்கு மாப்ள, சத்தம் இல்லையே" அப்படிம்பார். வயசானவங்களை ஊரை விட்டுப் பேர்த்து வெளியூர்ல நட்டு வெச்சிருக்கிற நம்மள்ல பல பேருக்கு இந்தக் குரல் பழக்கமா இருக்கும். அது நம்மைக் குத்தம் சொல்ற குரல் இல்லை. ஆனா கேட்டா மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

ஆக 2019 ஜனவரியில நாலு பேரும் கிளம்பினோம். சாம்ராஜ்நகர், திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவு, சத்தி, கோவை, பாலக்காடு, கொச்சி. தங்கமணியோட வாந்திக் கணக்கு திம்பத்துலயே ஆரம்பிச்சிடுச்சு. கப்பலைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்லை.

கப்பல் பேரு எம்.வி. கவரத்தி. லட்சத்தீவு நிர்வாகத்தோட ஸ்போர்ட்ஸ்ங்கிற அமைப்பு நடத்தின 'சமுத்திரம்' டூர். ராத்திரி கப்பல்ல தூக்கம், பகல்ல ஒரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய்னு மூணு தீவு, மொத்தம் அஞ்சு நாள். குரூஸ்னு சொன்னதும் சினிமாவுல வர்ற மாதிரி டான்ஸ் ஹால், சூதாட்ட மேஜைன்னு நினைச்சிடாதீங்க. 700 பேர் போகக்கூடிய கப்பல்ல டூரிஸ்ட் கொஞ்சம்தான். மத்தவங்க எல்லாம் தீவுக்காரங்க. அவங்களுக்கு அது டவுன் பஸ் மாதிரி. கொச்சி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிச்சுத் திரும்பற பாட்டி, லீவுக்கு ஊர் போற காலேஜ் பசங்க, வெங்காய மூட்டை, மிக்ஸி டப்பா, கைக்குழந்தைகள். தீபாவளிக்கு முதல் நாள் பெங்களூர்லேர்ந்து சேலம் போற பஸ்ல நம்ம சனங்க முகத்துல ஒரு களை இருக்கும் பாருங்க, அதே களை. ஊருக்குப் போறவங்க முகத்தை எந்த பாஷையிலயும் கண்டுபிடிச்சிடலாம்.

ரெண்டாம் நாள் கவரத்தி. அங்க மாமாவை ஆச்சரியப்பட வெச்சது குடிதண்ணி. கடலோட மேல் தண்ணி சூடு, ஆழத்துத் தண்ணி குளிர்ச்சி. மேல் தண்ணியை வெற்றிடத்துல ஆவியாக்கி, ஆழத்துலேர்ந்து இழுத்த குளிர்ந்த தண்ணியால அந்த ஆவியைத் திரும்ப நீராக்கறாங்க. சென்னையில இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் அங்க அமைச்ச ஆலை, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கணக்கு. தீவுல ஆறு கிடையாது. மணலுக்கு அடியில மழைத்தண்ணி ஒரு ஆடை மாதிரி உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். அதை அளவுக்கு மேல இறைச்சா கிணறு உப்பாயிடும். "நம்ம ஊரு கணக்குத்தாம்லா இங்கயும்" அப்படின்னார் மாமா.

மறுநாள்தான் கல்பேனி.

காலைல எழுந்து பார்த்தா கப்பல் கடல்லயே நிக்குது. தீவைச் சுத்தி பவளப்பாறை ஒரு மதில் மாதிரி இருக்கறதால பெரிய கப்பல் உள்ள போக முடியாது. சின்னப் படகு வரும். கப்பலோட பக்கவாட்டுக் கதவைத் திறப்பாங்க, படகு அலையில ஏறி இறங்கும், மேல வர்ற நேரம் பார்த்துக் காலை எடுத்து வைக்கணும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கையைப் பிடிச்சு இறக்கி விடறாங்க. மாமாவைக் குழந்தை மாதிரி தூக்கி வெச்சாங்க. அவர் வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, "துறைமுகத்துல 36 வருஷம் இருந்தேன், ஒருத்தனும் என்னைச் சரக்கு மாதிரி இறக்கினதில்ல" அப்படின்னார்.

மதிலைத் தாண்டி உள்ள வந்ததும் கடலோட நிறமே மாறிடுது. வெளியில கருநீலம், உள்ள வெளிர்பச்சை. அலையும் இல்லை. இந்த உள்கடலைத்தான் லகூன்னு சொல்றாங்க. லட்சத்தீவுல 36 தீவு, ஆள் இருக்கிறது 10 தீவுல மட்டும். மொத்த நிலத்தையும் சேர்த்தா 32 சதுர கிலோமீட்டர்தான், மைசூர் நகரத்துக்குள்ள மூணு லட்சத்தீவை வெச்சிடலாம். ஆனா லகூன்களை எல்லாம் சேர்த்தா 4,200 சதுர கிலோமீட்டர். அவங்களோட நிஜமான சொத்து நிலம் இல்லை, இந்தத் தண்ணிதான்.

கூமேல்ங்கிற கடற்கரையில இளநீர் கொடுத்து உக்கார வெச்சாங்க. எதிர்ல திலாக்கம், பிட்டின்னு குட்டித் தீவுகள். எங்க குழுவுக்கு ஒரு தீவுப் பையன் வழிகாட்டி. கோழிக்கோட்டுல படிச்சவன், பாதி மலையாளம், பாதி சினிமாத் தமிழ். மாஸ்க், மூச்சுக் குழாய், காலுக்குத் துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் பரப்பி வெச்சான்.

இப்போ என் கதை. எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. எங்க பக்கம் தண்ணிங்கறது கிணத்துல இருக்கும், அதுவும் அடியில. மூணாங்கிளாஸ்ல கூடப் படிச்ச பையன் ஒருத்தன் கிணத்துல விழுந்து போனதுலேர்ந்து எங்கம்மா என்னைக் கிணத்து மேட்டுப் பக்கமே விட்டதில்லை. நாற்பது வயசு வரைக்கும் முழங்காலுக்கு மேல தண்ணியில நின்னதில்லை. அந்தப் பையன்கிட்ட இதைச் சொன்னேன். அவன் சிரிக்கலை. "சார், நீந்த வேண்டாம். நீங்க கெடந்தா மதி" அப்படின்னான். படுத்துக் கிடந்தா போதும்னு அர்த்தம்.

அவன் சொன்னது நிஜம். ஸ்நார்கலிங்ல நீந்தறதை விட மிதக்கறதுதான் முக்கியம். ஆழத்துக்குப் போறது கிடையாது, முதுகுல சிலிண்டர் கிடையாது, அதெல்லாம் ஸ்கூபா. இதுல தண்ணிக்கு மேல குப்புறப் படுத்துக்கிட்டு, முகத்தை மட்டும் உள்ள விட்டு, வாயில இருக்கிற குழாய் வழியா மூச்சு விட்டுக்கிட்டே கீழ பாக்கணும். லைஃப் ஜாக்கெட் உங்களை முழுக விடாது.

கஷ்டம் எதுலன்னா மூச்சுலதான். பிறந்ததுலேர்ந்து மூக்கால விட்ட மூச்சை வாயால விடச் சொல்றாங்க. மாஸ்க் மூக்கை மூடியிருக்கும். முகம் தண்ணிக்குள்ள போனதும் உடம்பு தானா மூச்சை அடக்கிடுது. இடுப்பளவு தண்ணியில நின்னு பத்து நிமிஷம் இதைத்தான் பழக்கினான். முதல் மூணு தடவை தலையைத் தூக்கிட்டேன். நாலாவது தடவை அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டுன்னு விரலை அழுத்தி எண்ணினான். பத்து வரைக்கும் எண்ணினதும் எனக்கே தெரிஞ்சுது, நான் தண்ணிக்குள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன். அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. முப்பது வருஷமா வராக்கடன்னு ஒதுக்கி வெச்ச ஒண்ணு திடீர்னு வட்டியோட வந்து சேர்ந்த மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

அப்புறம் படகுல ஏத்தி திலாக்கம் பக்கம் கூட்டிட்டுப் போனான். குனிஞ்சு பார்த்தேன்.

முதல்ல காதுல ஒரு சத்தம். கடலுக்குள்ள அமைதியா இருக்கும்னு நினைச்சேன். இல்லை. கடுகு பொரியற மாதிரி படபடபடன்னு ஓயாத சத்தம். பாறை இடுக்குல இருக்கிற ஒரு வகை இறால் கொடுக்கைச் சொடுக்கறதால வர்ற சத்தமாம். பாறைக்கு உசிர் இருக்கிற இடத்துல எல்லாம் அந்தச் சத்தம் இருக்கும்னு அப்புறம் சொன்னான்.

அப்புறம் கண். தண்ணிக்குள்ள எல்லாமே கொஞ்சம் பெருசாவும் கிட்டவும் தெரியும், ஒளி முறியறதால. அதனால கை நீட்டினா தொட்டுடலாம்னு தோணும், தொட முடியாது. கீழ மான்கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பா ஒண்ணு, மேஜை மாதிரி விரிஞ்சது ஒண்ணு. மஞ்சளும் கறுப்புமா வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடி ஜோடியா. பொண்ணு என் தோளைத் தட்டி ஒரு பக்கம் கை காட்டினா. கடல் சாமந்திக்குள்ள ரெண்டு கோமாளி மீன், அதான் நீமோ. வெளிய வந்து எங்களை முறைச்சுட்டு உள்ள போச்சு. எங்களை விட அதுக்கு தைரியம் அதிகம்.

எனக்குப் பிடிச்சது கிளிமீன். பச்சை, நீலம், ரோஸ்னு பட்டுப்புடவைக் கடை மாதிரி நிறம். வாய் நிஜமாவே கிளி மூக்குதான். பாறையைக் கடிக்கற சத்தம் தண்ணிக்குள்ள நல்லாக் கேக்குது. செத்த பவளத்தோட மேல இருக்கிற பாசியைத் தின்ன, கல்லோட சேர்த்துக் கடிச்சு அரைச்சு, மிச்சத்தை மணலா வெளிய விடுது. என் கண் முன்னாலயே ஒரு மீன் வெள்ளைத் தூளா மணல் விட்டுட்டுப் போச்சு. பெரிய இனத்துக் கிளிமீன் ஒண்ணு வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ மணல் உண்டாக்குமாம். நாம காலை நீட்டிப் படுத்துப் போட்டோ எடுத்துக்கிற அந்த வெள்ளை மணல் கணிசமா இந்த மீனோட வயித்து வழியா வந்தது. பொண்ணுகிட்ட இதைச் சொன்னதும் கால்ல ஒட்டியிருந்த மணலை ஒரு மாதிரியாப் பார்த்தா.

தங்கமணியைப் பத்திச் சொல்லாம விட்டா சோறு கிடைக்காது. "நான் வரலை, தலை சுத்துது, துணிமணியைப் பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டு இருந்தவங்க, சுடிதார் மேலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு இறங்கினாங்க. கடைசியில படகுல ஏற மாட்டேன்னு தகராறு பண்ணதும் அவங்கதான். மிதந்துக்கிட்டு இருக்கும்போது தலை சுத்தவே இல்லையாம்.

மாமாவை நீர்ல இறக்க யாருக்கும் தைரியம் வரலை, அவருக்கும் ஆசை இல்லை. மத்தியானம் சோறும் சூரைமீன் குழம்பும் முடிஞ்ச பிறகு அவரைக் கண்ணாடித் தரைப் படகுல கூட்டிட்டுப் போனோம். படகோட நடுவுல பெட்டி மாதிரி கண்ணாடி, சுத்தி உக்காந்து குனிஞ்சு பாக்கலாம். மத்தவங்க எல்லாம் "அங்க மீன், இங்க மீன்"னு கத்திக்கிட்டு இருந்தாங்க. மாமா மீனைப் பாக்கலை. கண்ணாடியை துண்டால துடைச்சுத் துடைச்சு பாறையையே பார்த்துட்டு இருந்தார். ரொம்ப நேரம் கழிச்சு சொன்னார்:

"மாப்ள, இது நம்ம வீட்டுச் செவுத்துக் கல்லுலா."

எனக்கு முதல்ல புரியலை. தூத்துக்குடியில அவர் பிறந்த வீட்டுச் சுவர் அந்தக் காலத்து வீடு, காரை உதிர்ந்த இடத்துல பூப்பூவா ஓட்டை போட்ட வெள்ளைக் கல் தெரியும். நான்கூட கல்யாணமான புதுசுல கையால தடவிப் பார்த்திருக்கேன். அது பவளக் கல். தீவுப் பக்கத்துலேர்ந்து வள்ளத்துல கொண்டு வருவாங்களாம். நல்ல கல் சுவருக்கு, மிச்சம் சுண்ணாம்புக் காளவாசலுக்கு. மாமாவோட அப்பா ஒரு காளவாசல்ல கணக்கு எழுதினவர்.

"எங்க அய்யா வண்டி வண்டியா கணக்கு எழுதினாரு. இத்தனை வண்டி கல்லு, இத்தனை மூட்டை சுண்ணாம்புன்னு. கல்லுன்னுதானே நினைச்சோம். இது உசிரோட இருந்தா இந்த மாதிரி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கேன்."

படகோட்டிக்கிட்டு இருந்த நம்ம வழிகாட்டிப் பையன் இதைக் கேட்டுட்டு, "உப்பா, இவிடேயும் பழைய வீடெல்லாம் இந்தக் கல்லுதான்" அப்படின்னான். அப்புறம் ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாங்க, ஒருத்தர் தூத்துக்குடித் தமிழ்ல, ஒருத்தன் தீவு மலையாளத்துல. மைசூருக்கு வந்த ஒரு வருஷத்துல மாமா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அந்தப் பேச்சுல நான் தெரிஞ்சுக்கிட்டதையும், அப்புறம் தேடி வாசிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. பூச்சி அளவு உயிரினம். தன்னைச் சுத்தி சுண்ணாம்புக் கூடு கட்டிக்கும். அதோட உடம்புக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கும். பாசி வெயில்ல சமைச்சு பவளத்துக்குச் சாப்பாடு போடும், பவளம் பாசிக்கு இருக்க இடம் கொடுக்கும். அந்த நிறத்துல பெரும்பகுதி குடக்கூலிக்கு இருக்கிற பாசியோடது. கடல் வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு டிகிரி கூடி அப்படியே சில வாரம் நின்னா, இந்த உறவு முறிஞ்சிடுது. பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப் போகும். வெளுத்ததும் உடனே செத்துடாது. சூடு குறைஞ்சா பாசி திரும்பி வரும். குறையலைன்னா பட்டினியில சாகும்.

அந்தப் பையன் ஸ்கூல்ல படிக்கும்போது 2010-ல் ஒரு தடவை வெளுத்துச்சாம், 2016-ல் இன்னொரு தடவை. "நாங்க இன்னைக்குப் பார்த்தது?"ன்னு கேட்டேன். "மிச்சம், சார்" அப்படின்னான். எங்களுக்கு சொர்க்கமா தெரிஞ்சதை அவன் மிச்சம்னு சொன்னான்.

மைசூருக்குத் திரும்பின பிறகுதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. கடலே இல்லாத நம்ம மைசூர்லதான், 1996-ல் ஆரம்பிச்ச நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இருக்கு. விஜயநகர் பக்கம். அதோட ஆராய்ச்சியாளர் ரோஹன் ஆர்தரும் கூட இருக்கிறவங்களும் 1998-லேர்ந்து லட்சத்தீவுப் பாறைகளைத் தொடர்ந்து கவனிச்சுட்டு வர்றாங்க. அகத்தி, கட்மத், கவரத்தி மூணு தீவுலயும் 24 வருஷம் எடுத்த கணக்கு சமீபத்துல வெளிவந்துச்சு. 1998-ல் அடிப்பரப்புல சுமார் 37 சதவீதம் உயிருள்ள பவளம். 2022-ல் அது 20 சதவீதத்துக்குக் கீழ. கிட்டத்தட்டப் பாதி.

பேங்க்காரன் பாஷையில சொன்னா, இது ஒரே அடியில மூழ்கின கணக்கு இல்லை. 1998-ல் பெரிய அடி. மெல்ல மெல்லத் தேறிச்சு. 12 வருஷம் கழிச்சு 2010-ல் ரெண்டாவது அடி. ஆறே வருஷத்துல 2016. ஒரு விவசாயிக்கு வறட்சி வந்தா கடனை மாத்தி எழுதிக் கொடுக்கலாம், அவர் எழுந்து நிப்பார். தேறறதுக்குள்ள அடுத்த வறட்சி, அதுலேர்ந்து தேறறதுக்குள்ள அடுத்ததுன்னு வந்தா? அவர் உழைப்புல ஒரு குறையும் இருக்காது, அவகாசம்தான் இருக்காது.

நாலாவது அடியும் வந்துடுச்சு. 2023 அக்டோபர்லேர்ந்து அரபிக்கடல்ல அந்தப் பக்கம் வெப்பம் இறங்கவே இல்லை. 2024 மே மாசம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் லட்சத்தீவுப் பவளங்கள் கடுமையா வெளுத்திருக்குன்னு அறிவிச்சது. அதுக்கு முந்தின மாசம்தான் உலகம் பூராவும் நாலாவது பெரிய வெளுப்பு நடக்குதுன்னு அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு சொல்லியிருந்துச்சு.

இதுல நம்மளை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்க யோசிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. லட்சத்தீவோட நிலம் கடல் மட்டத்துக்கு மேல ஒண்ணு ரெண்டு மீட்டர்தான். முழுக்க முழுக்க பவளமும் பவள மணலும். பழைய எரிமலை மெல்ல மூழ்க மூழ்க அதோட விளிம்புல பவளம் மேல மேல வளர்ந்து வந்த வட்டம்தான் இந்த மாதிரித் தீவுகள்னு டார்வின் 1842-லேயே எழுதினார். வெளியில அடிக்கிற அலையைத் தடுக்கிறது அந்தப் பாறை மதில். கல்பேனியோட கிழக்குக் கரையில 1847-ல் அடிச்ச பெரும்புயல் தூக்கிப் போட்டதா சொல்ற பவளக் கல் குவியல் நீளமாக் கிடக்கு. மதில் இருக்கும்போதே புயல் அந்தப் பாடு படுத்தியிருக்கு. மதில் செத்தா தேய ஆரம்பிக்கும், மணலும் வராது. கடல் மட்டம் ஏறிக்கிட்டும் இருக்கு.

நமக்கு அருப்புக்கோட்டையோ தூத்துக்குடியோ யாழ்ப்பாணமோ, எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் ஊர்னு ஒண்ணு இருக்கு. வீடு வித்துப் போயிருக்கலாம், தெரு மாறியிருக்கலாம், போக முடியாத காரணம்கூட இருக்கலாம். ஆனா மண் அங்கதான் இருக்கு. அந்தப் பையன் 2011 கணக்குப்படி 64 ஆயிரத்துச் சொச்சம் பேர்ல ஒருத்தன். படிச்சு முடிச்சதும் கொச்சியில வேலை கிடைச்சும் திரும்பி வந்துட்டானாம். ஏன்னு கேட்டேன். "இங்க இருக்கற வரைக்கும் இருக்கலாம்னு" அப்படின்னான். அவன் இருக்கற வரைக்கும்னு சொன்னானா, தீவு இருக்கற வரைக்கும்னு சொன்னானான்னு நான் கேட்கலை.

இது ஏதோ தூரத்துத் தீவுக் கதைன்னு ஒதுக்கவும் முடியாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவு. 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்போ தண்ணிக்குள்ள. பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததுல கரை அரிச்சு முழுகிப் போனதுங்க. மாமாகிட்ட இதை நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. "பேப்பர்ல போட்டிருந்தான். எங்க அய்யா கணக்குல அதுவும் வந்திருக்கும்" அப்படின்னார். அவ்வளவுதான். அதுக்கு மேல அவரும் பேசலை, நானும் பேசலை. வயித்துப்பாட்டுக்குக் கணக்கு எழுதின மனுஷன், அவருக்கு அது கல்.

மினிக்காய் பத்தி தனியா எழுதலாம். 1885-ல் கட்டின கலங்கரை விளக்கம், தூண்டில்ல ஒண்ணொண்ணாப் பிடிக்கிற சூரைமீன், அதுல செய்யற மாசிக் கருவாடு. நம்ம தென்பாண்டிப் பக்கமும் இலங்கைத் தமிழர் வீட்டுச் சம்பலும் மாசி இல்லாம கிடையாது. தங்கமணி ரெண்டு கிலோ வாங்கி, மைசூர் வரைக்கும் கார் மணத்துச்சு. மணத்துச்சுன்னு நாங்க சொல்றோம். மேல் வீட்டுக்காரங்க வேற வார்த்தை சொன்னாங்க.

சரி, போக நினைக்கிறவங்களுக்கு நாலு விஷயம். 2024 ஜனவரியில பிரதமர் அங்க ஸ்நார்கலிங் பண்ண படங்கள் வந்த பிறகு லட்சத்தீவைத் தேடறவங்க கூட்டம் எக்கச்சக்கம் ஆயிடுச்சு. அதனால கப்பல், பெர்மிட் விவரம் எல்லாம் நேரா லட்சத்தீவு சுற்றுலாத் துறையிலயே விசாரிச்சுக்கங்க. மழைக்காலத்தைத் தவிர்த்துடுங்க, அக்டோபர்லேர்ந்து ஏப்ரலுக்குள்ள போங்க.

மாஸ்க்கை வாங்கினதும் பட்டையைப் போடாம முகத்துல வெச்சு மூக்கால லேசா இழுத்துப் பாருங்க. கையை விட்டாலும் ஒட்டி நின்னா அது உங்க அளவு. மீசைக்காரங்களுக்குத் தண்ணி கசியும், எனக்குக் கசிஞ்சுது. கண்ணாடி மங்காம இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவணும், அருவருப்பு பார்த்தா மீன் பாக்க முடியாது. முழுக்கை பனியன் போட்டுக்கங்க. குப்புறக் கிடக்கிறதால முதுகுல வெயில் அடிக்கிறதே தெரியாது, ராத்திரிதான் தெரியும். தனியா மட்டும் போகாதீங்க, பக்கத்துல ஒரு ஆள் எப்பவும் வேணும். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா படகு மாறற இடத்தைப் பத்தி முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

ஒரு துண்டு பவளம்கூட எடுத்துட்டு வராதீங்க. கரையில செத்துக் கிடக்கிறதையும்தான். வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. அலமாரியில வெக்க எங்க பொண்ணும் ஒண்ணு எடுத்தா. மாமாதான் வாங்கித் திரும்பத் தண்ணியில போட்டார். "நம்ம வீட்டுல நிறைய இருக்கு தாயி" அப்படின்னார்.

மாமாவுக்கு இப்போ 80 தாண்டியாச்சு. 2024-ல் அந்த வெளுப்புச் செய்தி வந்தன்னைக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்தப் பையனுக்கு ஒரு போன் போடு மாப்ள" அப்படின்னார். போட்டேன். வெளுத்துக் கிடக்கு சார், மீன் இருக்கு, மழை வந்து தண்ணி குளிர்ந்தா கொஞ்சம் திரும்பும்னு சொன்னான். மாமா போனை வாங்கி, தமிழ்ல, "மழை வரும்டே, வரும்" அப்படின்னார். அவனுக்குப் புரிஞ்சிருக்கும்.

அதனால நீச்சல் தெரியாதவங்களுக்கு என் பதில் இதுதான். தாராளமாப் போங்க. கையைக் காலை உதைக்காம கிடங்க, மூச்சை வாயால விடுங்க, மத்ததைக் கடல் பார்த்துக்கும். பயம் வந்தா தலையைத் தூக்குங்க, கூட இருக்கிறவர் கையைப் பிடிங்க, படகைப் பிடிங்க. கீழ பாறை இருக்கேன்னு அது மேல மட்டும் காலை ஊணிடாதீங்க. அதுல ஆள் குடியிருக்கு.